நட்சத்திரத்தில் தண்ணீர் கண்ட என் ஓரகத்தி

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் எல்லா வீட்டிலும் முதலில் அடுப்பை அணைப்பார்கள். என் ஓரகத்தி அணைக்கவில்லை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது அது. ஏதோ கருகும் வாசனை வந்து சமையலறைக்குள் ஓடினால், நீலமாக எரிய வேண்டிய கேஸ் தீ மஞ்சளாகத் திமிறி எரிந்துகொண்டிருக்கிறது, ரசம் மேடையெல்லாம் ஓடுகிறது, அவர் ஓர் உடைந்த டிவிடித் துண்டைக் கண்ணருகே சாய்த்துப் பிடித்தபடி தீயின் எதிரே குனிந்து நிற்கிறார். "ஏ புள்ள, சீக்கிரம் வா, போயிடப் போவுது!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அந்தத் துண்டில் குண்டு பல்பைப் பார்த்தால் சிவப்பிலிருந்து ஊதா வரை வானவில் விரியும். இந்தத் தீக்கு வானவில் இல்லை. மற்ற நிறமெல்லாம் எங்கோ ஒளிந்துகொள்ள, பளிச்சென்று ஒரு மஞ்சள் மட்டும் தனியாக நின்றது. "உப்பு" என்றார். "ரசத்துல போட்ட உப்புல இருக்கற சோடியம். அடுப்புல எரிஞ்சாலும் சூரியன்ல எரிஞ்சாலும் அதுக்கு இந்த இடம்தான். மாத்திக்கவே மாத்திக்காது." அன்றைக்கு எங்கள் வீட்டில் மோர் மட்டும்தான்.

ஓரகத்தி என்றால் கணவனின் சகோதரன் மனைவி. அவர் மூத்தவரின் மனைவி, நான் இளையவரின் மனைவி. ஓரகத்தி முன்னால் சிரித்துப் பேசு, மனசில் இருப்பதைப் பேசாதே என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். போதாக்குறைக்கு நான் பிறந்தது கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்த பெண் வந்தால் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த அண்ணனோ ஓமானில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தியின் கணவர். ஆகாது என்றால் ஆகாமல் போவது அக்காவின் தாலிக்குத்தான். ஜாதகம் பார்த்தபோது பெரியவர்கள் எல்லாரும் இழுக்க, "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, முடிங்க" என்று சொன்னது அக்கா ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது. அப்படிப்பட்டவரிடம் மனசில் இருப்பதைப் பேசாமல் எப்படி இருப்பது? வந்த மறுமாதமே அம்மாவின் புத்திமதியைக் காற்றில் விட்டேன்.

அக்கா தபால் வழியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டே இருந்தார் என்பதுதான் சரி. முதல் பிள்ளை, இரண்டாவது பிள்ளை, மாமியாரின் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாக வந்து தள்ளிப்போட்டதில், எல்லாத் தாளும் தேறியும் புராஜெக்ட் மட்டும் நின்றுபோயிருந்தது. அந்த ஆண்டுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் ஒப்படைக்காவிட்டால் பதிவே காலாவதி, தேறிய தாளெல்லாம் தேறாத தாள்தான். கல்யாணத்துக்கு முன்னால் விட்ட படிப்பை இத்தனை வருஷம் அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே இழுத்துக்கொண்டு வந்த மனுஷிக்கு, அந்தப் பட்டம் எப்படிப்பட்ட ஆசை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளைத் தூங்கவைக்கத் தட்டும்போதுகூட மற்றக் கையில் புத்தகம் இருக்கும்.

புராஜெக்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது நட்சத்திரங்களின் நிறமாலை. நான் வணிகவியல் படித்தவள், பாபநாசத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நட்சத்திரம் எனக்கு ஜாதகத்தில் மட்டும்தான் பழக்கம். அத்தனை தூரத்தில் இருப்பதைப் பற்றி இங்கிருந்து என்ன தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொன்ன வேகத்தில் பாதிதான் புரிந்தது, ஆனால் அந்தப் பாதிக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. நட்சத்திரத்தின் உள்ளிருந்து எல்லா நிறமும் கிளம்புகிறது. வெளியே வரும் வழியில் அதன் மேற்பரப்பில் இருக்கும் வாயுக்கள் தமக்கு வேண்டிய நிறத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு மிச்சத்தை விடுகின்றன. விழுங்கிய இடமெல்லாம் நாம் விரிக்கும் வானவில்லில் கறுப்புக் கோடாக நிற்கும். இரும்புக்கு இந்தக் கோடுகள், கால்சியத்துக்கு இந்தக் கோடுகள் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. எந்தக் கோடு அழுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து அதன் சூட்டைச் சொல்லலாம். கோடுகள் மொத்தமும் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் நட்சத்திரம் விலகிப் போகிறது, நீலப் பக்கம் நகர்ந்திருந்தால் நம்மை நோக்கி வருகிறது. ஹீலியம் என்ற வாயுவே முதலில் சூரிய ஒளியில் ஒரு கோடாகத்தான் அகப்பட்டதாம், பூமியில் கிடைத்தது அதற்கப்புறம்தான். "யாரும் போவல, தொடல, ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வரல. வெளிச்சத்தப் பிரிச்சே கண்டுபிடிச்சிட்டாங்க புள்ள!" என்று சொல்லும்போது அவர் கையிலிருந்த கரண்டி ஆடும்.

கருவி எங்களுடையதே. மூத்தவர் வெளிநாட்டிலிருந்து எப்போதோ கொண்டுவந்த கேமரா அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. பாபநாசத்தில் செல்போன் பழுதுபார்க்கும் தம்பியிடம் கொடுத்து, உள்ளே இருந்த ஒரு வடிகட்டிக் கண்ணாடியை எடுக்கச் சொன்னார் அக்கா. அது இருந்தால் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி கேமராவுக்குள் போகாதாம். லென்ஸுக்கு முன்னால் கீற்றணி என்கிற, நுண்ணிய கோடுகள் கீறிய கண்ணாடியைப் பொருத்தினார். மொட்டை மாடியில் வடகத்துக்குப் போட்ட கட்டைகளை நகர்த்திவிட்டு ஸ்டாண்டை நிறுத்தினோம். ஆவணி மாத அந்தி, வடக்கே உச்சியில் அபிஜித் வெள்ளையாக ஏறியிருந்தது. வேகா என்று உலகம் சொல்லும் நட்சத்திரம் அதுதான். படத்தில் புள்ளியாக நட்சத்திரமும், பக்கத்தில் வால்போல ஒரு நிறப்பட்டையும் விழுந்தன. மடிக்கணினியில் பெரிதாக்கினால் சிவப்பில் ஒரு வெட்டு, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு வெட்டு, ஊதாவில் நெருக்கமாகச் சில. "ஹைட்ரஜன்! ஹைட்ரஜன்! அப்படியே புத்தகத்துல இருக்கறாப்ல!" என்று அக்கா குதித்ததில் ஸ்டாண்டு சாய்ந்து, நான்தான் பாய்ந்து பிடித்தேன். சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒரு நட்சத்திரத்தின் சமையலைப் பார்த்துவிட்டோம் அல்லவா!

மறுநாள் தென்மேற்கில் செக்கச்செவேல் என்றிருந்த ஒன்றைக் காட்டி, "அது யாரு தெரியுமா? நீதான்" என்றார். கேட்டை. அதன் பட்டையில் மெல்லிய வெட்டுகள் இல்லை, அகலமான பள்ளங்கள் வரிசையாக இறங்கின. அது சூடு குறைந்த நட்சத்திரமாம். சூடு குறைந்தால்தான் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இருக்க முடியும், அந்தப் பள்ளங்கள் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது போட்டவை. "பாத்துக்க, இதான் உன் நட்சத்திரம். சுவத்துக்கு அடிக்கிற வெள்ள பெயின்டுல இருக்கற டைட்டானியம். இது போயி எம் புருஷன என்ன பண்ணப் போவுது?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சிரித்துக்கொண்டே அழுதேன். எத்தனை சோதிடர் பரிகாரம் சொல்லியிருந்தார்கள், ஒருவரும் அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கவில்லையே.

அந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் தாமதம். மாமா, அதாவது எங்கள் மாமனார், காலையும் மாலையும் வாய்க்கால் மதகுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாடிய முகத்தோடு வருவார். வீட்டில் பேச்செல்லாம் மேட்டூரில் எவ்வளவு, கல்லணையில் எவ்வளவு, நம்ம வாய்க்காலுக்கு எப்போது என்பதுதான். ஒருவழியாக வந்து சேர்ந்து, சம்பா நடவு முடிந்து, வயலெல்லாம் கண்ணாடி போட்டதுபோல நின்ற புரட்டாசியில்தான் அக்கா அதைக் கண்டார். அபிஜித்தின் பட்டையில், சிவப்பு முடிந்து கண்ணுக்குத் தெரியாத பகுதியில், இரண்டு பள்ளங்கள். ஒன்று நம் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் போடுவது, அது அவருக்குத் தெரியும், பென்சிலால் அடித்துவிட்டார். மற்றதைப் புத்தகத்தில் தேடித்தேடிப் பார்த்தார். நீராவி. அந்த நட்சத்திரத்தைச் சுற்றித் தூசாலான வட்டு ஒன்று இருப்பதை அவர் படித்திருந்தார். அவ்வளவு சூடான நட்சத்திரத்தில் தண்ணீர் தங்காது, ஆகவே அந்த வட்டில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்.

தண்ணீர் என்றாலே எங்கிருந்தோ வரவேண்டியது, யாரோ திறந்துவிட வேண்டியது என்று பழகிய ஊர் எங்களுடையது. ஆக்சிஜனை நம்முடையது என்று தள்ளிவைத்த அக்காவுக்கு, தண்ணீர் நம்முடையதாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் கடைக்குப் போய் எல்லாரிடமும் சொன்னேன். மாமியார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். மாமா மட்டும், "அங்க யாரு மதகு தொறந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். புராஜெக்டுக்கு வழிகாட்டும் கைடு சாருக்கு அக்கா வாட்ஸாப்பில் நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார், அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டார். படித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். புராஜெக்ட் அச்சாகி, கும்பகோணத்தில் கறுப்பு அட்டை போட்டு, பொன்னிற எழுத்தில் தலைப்பு பதித்து வந்துவிட்டது.

ஒப்படைக்க ஒரு வாரம்கூட இல்லை. முகப்புக்குள் வைக்கச் சூரியனின் நிறமாலைப் படம் ஒன்று இருந்தால் அழகாக இருக்கும் என்று அக்காவுக்கு ஆசை. சூரியனை நேரே எடுத்தால் கோடு தெரியாது, வெளிச்சம் மெல்லிய கீற்றாக வேண்டும். நெல் மூட்டை தைக்கும் கோணி ஊசியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மாமியாரின் கறுப்புச் சால்வையில் குத்தி, காலை வெயிலில் வைத்தார். ஊசியில் மின்னிய கோடுதான் சூரியன். படம் எடுத்து, கீழே வந்து, மடிக்கணினியில் திறந்தார். அபிஜித்தின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "சூரியன்லயும் தண்ணி இருக்கு புள்ள" என்றார். நான் கைதட்டினேன். "அட, இன்னொரு கண்டுபிடிப்பா அக்கா!" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கை அப்படியே நின்றது. அதே இடம், அதே பள்ளம். ஒன்று கண்ணைக் கூசும் வெள்ளை நட்சத்திரம், ஒன்று நம் சூரியன். இரண்டிலும் ஒரே மாதிரி தண்ணீர் எப்படி இருக்கும்? இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்பது ஒன்றுதான். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று.

எனக்கு ஆத்திரம் வந்தது, அக்கா மேல் அல்ல, அந்த ஊசி மேல். "ஊசிப் படத்தத் தூக்கிப் போடுங்க. கைடு சார் ஓகே சொல்லிட்டாரு, அட்டை போட்டாச்சு. கொண்டு போயி குடுத்துட்டு வாங்க, பட்டம் வரட்டும், அப்பறமா திருத்திக்கலாம்" என்றேன். இப்போதும் அதைத் தவறு என்று நினைக்கவில்லை. கடைசி வாய்ப்பை ஒருத்தி கைநழுவ விடுவதைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "தெரியாம எழுதுனது வேற. இப்ப தெரிஞ்சு போச்சே. வைவாவுல அத நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். மாமா கூடத்திலிருந்து, "சண்டையா?" என்று குரல் கொடுத்தார். "இல்ல மாமா, தண்ணி" என்றேன். "அப்ப சண்டைதான்" என்றார் அவர்.

தன் முதல் முடிவு தவறு என்பதை நிரூபித்துவிட்டால் அதையே புராஜெக்டாக எழுதலாம் என்பது அக்காவின் கணக்கு. அதற்கு ஒரே ஓர் அந்தி போதும். நட்சத்திரம் உயரத்தில் இருக்கும்போது அதன் ஒளி கொஞ்சம் காற்றைக் கடந்து வருகிறது. சரியச் சரியக் காற்றில் அதிக தூரம் சாய்வாக வரவேண்டும். ஹைட்ரஜன் நட்சத்திரத்தினுடையது, அது மாறாது. தண்ணீர் நம்முடையது என்றால், நட்சத்திரம் இறங்க இறங்கப் பள்ளம் ஆழமாக வேண்டும். எல்லாம் சரி, வானம் வேண்டுமே! ஐப்பசி பிறந்துவிட்டது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேகம் திரண்டு வந்து மூடும். இரண்டு நாள் மழை, ஒரு நாள் மூட்டம். அக்கா சாப்பிடவில்லை. நான் வேண்டாத தெய்வமில்லை, மழை வேண்டும் என்று வேண்டும் ஊரில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் மாலை மழை ஓய்ந்து மேற்கே வானம் பிளந்தது. கரண்ட் வேறு போயிற்று, தெருவிளக்கு இல்லாமல் நட்சத்திரம் கழுவி வைத்த மாதிரி வந்தது. ஓடினோம் மாடிக்கு. அக்கா எடுக்க, நான் மணி பார்த்துக் குறிக்க, அபிஜித் பக்கத்து வீட்டுத் தென்னைகளை நோக்கி இறங்க, வயல் பக்கமிருந்து மேகம் ஏற, யார் முந்துவார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கீழே சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், யாரும் போகவில்லை. தென்னை ஓலைக்குள் நட்சத்திரம் போனபோது எடுத்ததுதான் கடைசிப் படம். மடிக்கணினியில் ஒவ்வொரு படத்தையும் வரைபடக் கோடாக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார். ஹைட்ரஜன் பள்ளங்கள் அச்சில் வார்த்ததுபோல அப்படியே பொருந்தின. தண்ணீர்ப் பள்ளம் மட்டும் படத்துக்குப் படம் இறங்கி இறங்கிப் போனது. "பாரு! பாரு! நம்மளுது! நம்ம தண்ணி புள்ள இது!" என்று என்னைக் கட்டிக்கொண்டு மாடியைச் சுற்றினார். தோற்றுப்போன கண்டுபிடிப்புக்கு அப்படி ஆனந்தப்பட்ட மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எது வயல் விட்ட ஆவி, எது கடல் விட்டது என்று தன்னால் பிரிக்க முடியாது என்பதையும் அடுத்த மூச்சில் சொன்னார், அதையும் எழுத வேண்டும் என்றார்.

கைடு சார் தாண்டிக் குதித்தார். "நான் நினைத்தது தவறு என்று யாராவது புராஜெக்டைத் தொடங்குவாங்களாம்மா?" என்று கேட்டாராம். ஆனாலும் திருத்தி எழுதி, புது அட்டை போட்டு, ஒப்படைத்தே விட்டார் அக்கா. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேடம் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்: இதே நட்சத்திரத்தை வறண்ட ஊரிலிருந்து பார்த்தால்? "பள்ளம் குறையணும் மேடம். ஆனா நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த என்னிடம் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "பாத்ததில்லைன்னு சொல்லிட்டேனே, போச்சு" என்றார். போகவில்லை. நூலிழையில் தேறினார். மதிப்பெண் என்னவோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் பட்டம் பட்டம்தான். வாய்க்கால் கரையில் வேலையாக இருந்த மாமாவுக்கு அவரே ஓடிப்போய்ச் சொன்னார்.

அந்தப் பட்டத்தால்தான் இப்போது அக்கா ஓமானில், கடலிலிருந்து தள்ளி மலைகளுக்கு உள்ளே இருக்கும் ஓர் ஊரில், நம் நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பிள்ளைகளோடு கணவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போனபிறகு இந்த வீட்டில் ரசம் பொங்கினால் நான் அடுப்பை அணைத்துவிடுகிறேன், பார்த்துக் குதிக்க ஆள் இல்லை. இந்த ஐப்பசியில் ஒரு நாள், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த மாலையில், அக்கா போனில் கூப்பிட்டார். ஹலோகூடச் சொல்லவில்லை. "தண்ணியக் காணோம் புள்ள! காணவே காணோம்! ஹைட்ரஜன் அப்படியே இருக்கு, அந்தப் பள்ளத்த மட்டும் தேட வேண்டியிருக்கு! நான் சொன்னது சரிதான் புள்ள!" என்று ஒரே கூச்சல், சிரிப்பு. தண்ணீரைக் காணோம் என்ற சொல்லை இந்த ஊரில் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். சந்தோஷத்தில் ஒருவர் அதைக் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் மாமாவும் கேட்டுக்கொண்டு வந்து நின்றார். அக்காவின் தேர்வில் பாக்கி நின்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது என்று அவருக்கு விளக்கினேன். அங்கே வானத்தில் ஈரம் இல்லை, நம் ஊரில் பார்த்தது நம் ஊர் ஈரம்தான், நட்சத்திரத்துடையது அல்ல. மாமா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். பிறகு, "அது எங்கயும் போவல, இங்கதான் இருக்குன்னு அவகிட்ட சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். அவ்வளவு நேரம் கத்திச் சிரித்துக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் அழுதார்.